வெள்ளை பூட்சில் பேனாக்கோடு

காலை ஆறே காலுக்கு சோய்லா கின்டே தரைச் சாக்கடையின் இரும்புச் சல்லடைமேல் குனிந்து காதைச் சாய்த்திருக்கிறாள். கூடத்தில் இறால் உரிக்கும் பெண்கள் தொப்பி மாட்டிக்கொண்டு, கையுறையை உதறிக்கொண்டு, அவரவர் மேசைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவளை விசித்திரமாகப் பார்ப்பதில்லை. போகிறபோக்கில் ஒருத்தி கேட்பாள், "என்னக்கா, பேசுதா?"

"இன்னும் வாயத் தொறக்கல."

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முன்பின் மூன்று நாள், கடல் ஓதம் ஏறும் சமயத்தில், இந்தக் காவல் நடக்கும். ஓடைக்கரை ஊரான லா கொன்சேராவில் கடல் வாசல் வழியாக வருவதில்லை. அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து, ஓடையில் ஏறி, கழிவுக்குழாய்க்குள் நுழைந்து, கட்டடத்தின் நடுவயிற்றில் இருக்கும் சாக்கடை வழியாகத்தான் வரும். முதலில் தொண்டை கனைப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் குமிழி. அப்புறம் இறால் தோல் நாலைந்து மிதந்துகொண்டு மேலே வரும். சத்தத்துக்கும் தோலுக்கும் இடையில் இருபது நிமிடம் இருக்கும் என்பது சோய்லா கண்டுவைத்த கணக்கு.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் வெப்பமானி. மேற்சட்டைப் பையில் நீல மைப் பேனா இரண்டு, ஒன்று தீர்ந்துவிட்டால் என்ற பயத்துக்கு இன்னொன்று. பத்தொன்பது வருடமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளிர் அறைக்குள் போய், எத்தனை டிகிரி என்று பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு வருவதுதான் வேலை. எழுதிய பிறகு கதவுவரை வந்து, திரும்பிப் போய் இன்னொருதரம் பார்ப்பாள். கேட்டால், "எதுக்கும் ஒருதரம் பாத்துருவோம், காசா பணமா" என்பாள். அவளுடைய பயங்களை ஊரே அறியும். இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், டாக்டர் ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றினால் அந்தப் பயத்திலேயே அழுத்தம் ஏறிவிடும். பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார மாட்டாள். முதல் இருக்கையிலும் உட்கார மாட்டாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதைத் தங்கை மெர்சியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் பூட்ஸ் கொடுப்பார்கள். பழையதை மற்றவர்கள் வெங்காயத்தாள் நட வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். சோய்லா கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்திருக்கிறாள். பதினாறு ஜோடி. ஒவ்வொன்றிலும் இடது பூட்சில் நீல மையில் குறுக்குக் கோடுகள், கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி. கூடத்துக்குள் தண்ணீர் வந்த ஒவ்வொரு நாளும், ஈரம் காய்வதற்குள் அது தொட்ட இடத்தில் போட்ட கோடு.

"வலது பூட்ஸ் நடக்க, இடது பூட்ஸ் சாட்சிக்கா?" என்று மெர்சி கேலி செய்வாள்.

"சிரி, சிரி. செவத்த நம்பி இருந்தேன்னா நானும் உன்னை மாதிரிதான் இருந்திருப்பேன்."

சுவர் விஷயம் இதுதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் புனித இராயப்பர் திருநாளுக்கு முன்னால் தொழிற்சாலை முழுவதற்கும் சுண்ணாம்பு அடிப்பார்கள். மீனவர்களின் காவலர் அவர். படகில் சொரூபம் ஏறி ஓடை வழியே பவனி வரும்போது கட்டடம் பளிச்சென்று இருக்க வேண்டும். காவலாளி கரியால் கிழித்து வைத்திருக்கும் நீர்மட்டக் கோடு, பாசி, உப்புப் பூத்த கறை எல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விடும். ஒரு வாரம் கழித்து யாரைக் கேட்டாலும், "தண்ணியா? இங்கயா? செவத்தப் பாருங்க" என்பார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. சுண்ணாம்பு அடித்த கையோடு மனசுக்கும் ஒரு பூச்சு ஏறிவிடுகிறது. எட்டு வருடத்துக்கு முன் காப்பீட்டுக்காரர் வந்து கேட்டபோது சோய்லாவும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து கொடியில் காலுறையைக் காயப்போட்டபோதுதான், போன பௌர்ணமிக்கு அதே காலுறையைப் பிழிந்தது நினைவுக்கு வந்தது. பயம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் தன்னைப் பார்த்தே பயந்தது அன்றுதான். மறுநாளிலிருந்து பூட்சில் கோடு.

இப்படிப்பட்டவளிடம் போன நவம்பரில் முதலாளி தோன் ரிகோபெர்த்தோ காகிதக் கோப்பு ஒன்றைக் கொடுத்தார். இறால் வாங்கும் பிரெஞ்சுக் கம்பெனி அனுப்பியது. இனிமேல் வருடா வருடம் இந்தத் தொழிற்சாலை எவ்வளவு கரியமிலப் புகை விடுகிறது என்று எழுதித் தர வேண்டும். வானமும் கடலும் மாறிக்கொண்டு வருவதில் இந்தக் கட்டடத்துக்கு என்ன ஆபத்து என்றும் எழுத வேண்டும். மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தோடு போகாவிட்டால் வாங்க மாட்டார்கள்.

"நானா முதலாளி? நான் ஆறாங்கிளாசு."

"நம்ம கம்பெனியில நம்பர் எழுதுறது நீ ஒருத்திதானே சோய்லா. மத்தவனெல்லாம் கதைதான் எழுதுவான்."

குவாயாகில் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்து அரைநாள் பாடம் நடத்தினாள். பயப்படாதீர்கள், கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள், தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம் என்றாள். மூன்று கட்டம் வரைந்தாள். சோய்லா அவற்றுக்குத் தன் பாஷையில் பெயர் வைத்துக்கொண்டாள். நம் ஜெனரேட்டரும் வண்டிகளும் எரிப்பது "நம்ம அடுப்பு". விலைக்கு வாங்கும் மின்சாரம் "கரண்டுக்காரன் அடுப்பு". தீவனம் செய்கிறவன், கப்பலில் ஏற்றிப் போகிறவன் எரிப்பதெல்லாம் "ஊரான் அடுப்பு". டீசல் ரசீதும் மின்கட்டண ரசீதும் பிஸ்கட் டின்னில் இருந்தன. பதினைந்து நாளில் இரண்டு அடுப்பையும் கூட்டி முடித்துவிட்டாள். ஊரான் அடுப்புக்கு நேராக "தெரியாது" என்று எழுதினாள். அந்தச் சொல்லை ஒரு காகிதத்தில் தைரியமாக எழுதியது அவள் வாழ்க்கையில் அதுவே முதல்முறை.

இடறியது குளிர்ப்பெட்டி வாயுவில். குளிர் அறைக் குழாய்களில் ஓடுகிற வாயு கசிந்தால், ஒரு கிலோவே கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோ புகைக்குச் சமம் என்று பாடம் நடத்தியவள் சொல்லியிருந்தாள். வருடத்தில் எத்தனை கிலோ புதிதாக நிரப்பினீர்கள் என்பது கேள்வி, நிரப்பியதுதான் கசிந்தது. ரசீதுப்படி ஒன்பது சிலிண்டர். குளிர் அறை மெக்கானிக் வெல்லிங்டன், மெர்சியின் கணவன்.

"ஒம்பதுதானா மாப்பிள்ள?"

"ஒம்பதுதான் மதினி. என்ன, என் மேலயே சந்தேகமா?"

"உங்க மேல சந்தேகமில்ல. எதுக்கும் ஒருதரம் பாத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள். லா கொன்சேராவில் காலி வாயு சிலிண்டரை யாரும் எறிவதில்லை. நெடுக்காகப் பிளந்து, நாலு கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டால் மீன் சுடும் அடுப்பு. கல்யாணத்துக்கு, வீடு குடிபுகுவதற்கு, குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வெல்லிங்டன் கொடுக்கிற பரிசே அதுதான். வாங்கும்போது சிலிண்டர் ஆரஞ்சு நிறம். இந்த வெயிலில் ஒரு வருடத்தில் ஆரஞ்சு செத்து, அடுத்த வருடம் துருவாகிவிடும். ஆகவே சோய்லா நிறம் மங்காத அடுப்புகளை மட்டும் எண்ணினாள். வாழைக்காய் சுட்டுக்கொண்டிருந்தவர்கள், "வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார்கள். அவள் அடுப்பைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்து, நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். முப்பத்தொன்று. அதில் ஒன்று பாதிரியார் வீட்டுக் கொல்லையில் இருந்தது.

"மாப்பிள்ள, முப்பத்தொண்ணு."

வெல்லிங்டன் தலையைச் சொறிந்தான். "அவசரத்துக்கு ஊருக்குள்ள கடையில வாங்குறதுதான் மதினி. அதெல்லாம் ஆணி, திருகுன்னு சில்லறைச் செலவுக் கணக்குல போயிரும். குழாய் பழசு, நான் என்ன பண்ண? ஒரு பக்கம் அடைச்சா மறுபக்கம் பீச்சுது. எழுதிராதீங்க, என் வேலை போயிரும்."

அன்று அவள் கூட்டிப் பார்த்தாள். சிலிண்டருக்குப் பதினோரு கிலோ வீதம், வாயு மட்டுமே ஆயிரத்து முந்நூறு டன் புகையைத் தாண்டியது. டீசல், மின்சாரம் இரண்டையும் சேர்த்தாலும் அவ்வளவு வரவில்லை. இத்தனை வருடம் ஊரே மீன் சுட்டுத் தின்ற அடுப்புகள் ஒவ்வொன்றும் வாயைத் திறந்துகொண்டு தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. ஆனாலும் எழுதினாள். எழுதிவிட்டு, கீழே பொடி எழுத்தில், "குழாய் பழையது, மெக்கானிக் மேல் தப்பில்லை" என்றும் சேர்த்தாள். அதற்கு அந்தக் காகிதத்தில் இடமே கிடையாது; ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்.

தோன் ரிகோபெர்த்தோ அதைப் படித்துக் கோபப்படவில்லை. "வாயு பரவால்ல, குழாய மாத்திட்டேன்னு அடுத்த வருசம் காட்டலாம்" என்றார். பக்கத்தைப் புரட்டி, விரலால் ஒரு கட்டத்தைத் தட்டினார். கடந்த பன்னிரண்டு மாதத்தில் உற்பத்திக் கூடத்துக்குள் எத்தனை முறை நீர் புகுந்தது? அதிகபட்ச உயரம் எவ்வளவு? இரண்டிலும் அவரே பென்சிலால் பூஜ்யச் சுழி போட்டார். "இதுமேல மையால எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு."

"பதினோரு தரம் வந்துச்சு முதலாளி."

"யாரு சொன்னா?"

அவள் பூட்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. இடது காலை வலது காலுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

"சோய்லா, இங்க பாரு. அது உப்புத்தண்ணி, வரும், போவும். காஞ்சா ஒண்ணும் தெரியாது. நீ பதினொண்ணுன்னு எழுதுனா பிரெஞ்சுக்காரன் வாங்க மாட்டான், காப்பீட்டுக்காரன் கைய விரிப்பான். எனக்கென்ன, பாசாஹே போற ரோட்டுல மேட்டு நிலம் பாத்து வச்சிருக்கேன். இயந்திரத்தைக் கழட்டிக்கிட்டுப் போயிருவேன். இங்க இருக்குற இருநூத்தி நாப்பது பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க? தெனமும் ரெண்டு பஸ் மாறி வருவாங்களா? உன் தங்கச்சி வருவாளா, மூணு புள்ளைய வச்சுக்கிட்டு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. ஆனால் இன்னொரு மெய்யும் இருந்தது. தண்ணீரைத் தோற்கடிக்க அந்தக் கூடத்தின் தரையை இரண்டுமுறை உயர்த்தியிருக்கிறார்கள். கான்கிரீட் ஏற ஏற, கதவு குள்ளமாகிவிட்டது. உயரமானவர்கள் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். ஜன்னல் இடுப்புக்கு இறங்கிவிட்டது. ஒருகாலத்தில் மார்பளவில் இருந்த மின்பெட்டி இப்போது முழங்காலுக்குச் சற்று மேலே, நான்காம் மேசைக்குப் பக்கத்தில். நான்காம் மேசையில் நிற்பவள் மெர்சி. பூட்சின் உயரம் முப்பத்துநாலு சென்டிமீட்டர். போன வருடத்து உச்சக் கோடு முப்பத்தொன்று.

சுழி எழுதினால் மெர்சி அங்கேயே நிற்பாள். பதினொன்று எழுதினால் மெர்சிக்கு நிற்க மேசையே இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் சோய்லா மூன்று வாரம் தூங்கவில்லை. கோப்பைப் பாலித்தீன் உறையில் போட்டு, மேற்சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டே திரிந்தாள். வெங்காயம் தூவிய மீன்சூப்பு அவளுக்கு உயிர். அதைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, நீ எதையாச்சும் எழுதித் தொலை. உன்னப் பாத்தா எனக்குப் பயமாருக்கு" என்றாள் மெர்சி.

"எனக்கும் அதான்டி."

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை காலை. முந்தின இரவெல்லாம் மழை, பௌர்ணமிக்கு மறுநாள். ஆறே காலுக்கு சோய்லா குனிந்தபோது சாக்கடை கனைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தது. அவள் நிமிர்வதற்குள் இறால் தோல் மேலே வந்துவிட்டது. இருபது நிமிடக் கணக்கு முதல்முறையாகத் தப்பியது.

பெண்கள் உரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். தண்ணீருக்கு அவர்கள் கையை நிறுத்தியதில்லை. கணுக்கால் அளவு வரும்வரை ஒருத்தி பாட்டுப் பாடினாள். பூட்சின் பாதிக்கு வந்தபோது பாட்டு நின்றது. சோய்லா மின்பெட்டியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள். கூடத்தில் சத்தமே இல்லாமல் அது ஏறிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம், மேலே வெள்ளை நுரை, குளிர். நான்காம் மேசையிலிருந்து மெர்சியின் குரல் வந்தது, சாதாரணமாக, உப்புக் கேட்பதுபோல: "அக்கா, பூட்சுக்குள்ள தண்ணி வந்துருச்சு."

மெயின் ஸ்விட்ச் குளிர் அறை நடைபாதையில், உயரத்தில் இருக்கிறது. முதலாளி, வெல்லிங்டன் இருவரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். பத்தொன்பது வருடம் அந்த எழுத்தைத் தினம் ஏழெட்டு முறை கடந்து போனவள் சோய்லா. இறால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியை இரண்டு கையாலும் கீழே இழுத்தாள்.

விளக்குகள் அணைந்தன. குளிர் அறை இயந்திரங்கள் பெருமூச்சு விட்டு ஓய்ந்தன. பதினெட்டு டன் சரக்கு உள்ளே. அந்த நிசப்தம் அதுவரை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டறியாதது. ஜன்னல் வெளிச்சத்தில் இருநூற்று நாற்பது வெள்ளைத் தொப்பிகள் திரும்பிப் பார்த்தன.

"மேசைமேல ஏறுங்க! எல்லாரும் ஏறுங்கடி!" கூடையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்தினாள்; அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது அவளுக்கே தெரியாது.

மின்பெட்டியின் அடிவிளிம்பை நனைத்துவிட்டுத் தண்ணீர் நின்றது. முக்கால் மணி நேரத்தில், வந்த வழியே, ஒரு மன்னிப்பும் கேட்காமல் இறங்கியது. தோன் ரிகோபெர்த்தோ கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"யாரு நிறுத்துனது?"

வெல்லிங்டன் வாயைத் திறந்தான். அதற்குள், "நான்தான் முதலாளி" என்றாள் சோய்லா.

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேசைமேல் குந்தியிருந்த பெண்களைப் பார்த்தார். மின்பெட்டியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், அவளிடம் மட்டும் சொல்வதுபோல, "சரி. யாருக்கும் ஒண்ணும் ஆகல. கழுவி விடுங்க. காஞ்சா ஒண்ணும் தெரியாது" என்றார்.

சோய்லா கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். இடது பூட்ஸைப் பார்த்தாள். அதில் கோடு போட இடமில்லை. தண்ணீர் பூட்ஸைத் தாண்டிப் போயிருந்தது. அதைக் கழற்றிக் கவிழ்த்தாள். உள்ளிருந்து ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு இறால் தலையும் விழுந்தன. கால்சட்டையைத் தொடைவரை சுருட்டினாள். முழங்காலுக்குச் சற்று மேலே, நனைந்த தோலும் காய்ந்த தோலும் சேரும் இடத்தில், பேனாவை அழுத்திக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோடு நண்டு நடந்த தடம்போல வளைந்து போனது.

"மெர்சி, அளந்து சொல்லு."

மெர்சி மண்டியிட்டு இரும்பு அளவுகோலை வைத்தாள். "நாப்பத்தாறு."

"அதை எழுதுனா இந்த வாசல் மூடிரும். தெரியுமா உனக்கு?" என்றார் முதலாளி.

"தெரியும் முதலாளி. கை நடுங்குது பாருங்க."

பாலித்தீன் உறையிலிருந்து கோப்பை எடுத்து, மடியில் விரித்து, ஒரு பென்சில் சுழியின்மேல் பன்னிரண்டு என்றும், மற்றதன்மேல் நாற்பத்தாறு என்றும் நீல மையில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள். பிறகு வெப்பமானியைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு குளிர் அறைக்குப் போனாள். எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, இரண்டு மணிக்கு நடைபாதையில் வழக்கம்போலப் போய்வந்தாள். சுருட்டிய இடது கால்சட்டையை அன்று மாலைவரை இறக்கிவிடவே இல்லை.